சிலுவை போடாத கடிதம்

தம்பி,

உன் கடிதம் முந்தநாள் கையில் கிடைத்தது. நீ எழுதி இரண்டு மாதமாகிவிட்டது. கொழும்பில் ஒருவர் வீட்டிலும் வவுனியாவில் இன்னொருவர் வீட்டிலும் கிடந்து, கிளாலியில் வள்ளம் ஏறி, உறையின் ஒரு பக்கம் நனைந்து காய்ந்து வந்திருக்கிறது. நாலு வருடத்துக்குப் பிறகு உன் கையெழுத்தைப் பார்க்கிறேன். ஐந்தே வரி. தங்கச்சிக்குக் கலியாணம் ஒழுங்காகியிருக்கிறது, மாப்பிள்ளை நல்ல பிள்ளை, திருச்சியில் பங்குச் சுவாமி அவளுடைய ஞானஸ்நானப் பத்திரம் கேட்கிறார், தகப்பனின் சம்மதக் கடிதமும் வேண்டும், கெதியாக அனுப்பவும். 'அப்பா' என்ற சொல் அதில் எங்கும் இல்லை. யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வதுபோல 'தகப்பன்' என்று எழுதியிருக்கிறாய். எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதத்தான் பார்த்தேன். வந்தது. பிறகு போய்விட்டது.

பத்திரத்தையும் சம்மதக் கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். கோயில் பதிவேடுகளை இத்தனை வருடத்தில் எத்தனை இடம் மாற்றினார்களோ தெரியாது, தங்கச்சியின் பெயர் இருந்த பக்கத்தைக் கறையான்கூடத் தொடவில்லை. உனக்கு வேண்டியது அவை இரண்டும்தான். இது நீ கேட்காத கடிதம். பட்டறையில் இருந்து, பள்ளிக்கூடக் கொப்பியில் கிழித்த தாள்களில் எழுதுகிறேன். சண்டை திரும்பவும் தொடங்கிவிட்டது. கடலுக்குப் போகத் தடை, மண்ணெண்ணெய் இல்லை, திருத்துவதற்கு வள்ளத்து மிசின்கள் வருவதில்லை. சும்மா இருக்கிறவனுக்கு எழுத நேரம் இருக்கும்தானே. வாசித்துவிட்டுக் கிழித்துப் போடுவதென்றாலும் போடு. வாசிக்காமல் மட்டும் கிழிக்காதே.

எண்பத்தைந்தில் நீங்கள் மூன்று பேரும் போகும்போது உனக்குப் பதினாலு வயது, தங்கச்சிக்குப் பதினொன்று. குருநகரில் எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கு மேல் ஷெல் வந்து விழத் தொடங்கியிருந்தது. ஆனால் அம்மாவின் பயம் ஷெல்லைப் பற்றியதல்ல, உன்னைப் பற்றியது. அந்த ஒரு வருடத்தில் நீ என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாய். மீசை அரும்பின பொடியன்களைச் சந்தியில் ஆமி மறித்து ஏற்றிக்கொண்டு போன காலம் அது. பெரியம்மா, அம்மாவின் அக்கா, வள்ளத்தில் ராமேஸ்வரத்துக்குப் போக ஆயத்தமாக நின்றாள். அம்மா உங்களையும் கூட்டிக்கொண்டு அவளோடு போகிறேன் என்றாள். நான் விடவில்லை.

"அங்கை போய் அகதியெண்டு பதிஞ்சு, கோப்பையும் கையுமா வரிசையில நிக்கப்போறீரோ? என்ரை பெண்சாதி பிள்ளையளுக்கு அந்த விதி இல்லை. பாஸ்போட் எடுத்து, பிளேன் ஏறி, மரியாதையாப் போங்கோ" என்றேன்.

"உயிரோடை இருந்தாக் காணுமப்பா. மரியாதையைப் பேந்து பாப்பம்" என்றாள் அம்மா.

நான் பிடித்த பிடியில்தான் நின்றேன். கொழும்புக்குப் போய், மூன்று நாள் வெயிலில் நின்று, விசா எடுத்தேன். எங்கள் ஊர்த் தமிழில் அதற்கு உல்லாசப் பயண விசா என்று பெயர். எங்கள் ஒழுங்கையில் இருந்து போன முதல் உல்லாசப் பயணிகள் நீங்கள்தான். அம்மாவிடம் நாலு சீலை இருந்தது, உன் சப்பாத்து ஒன்றின் அடி பிளந்திருந்தது, தங்கச்சி வழி முழுக்க அழுதுகொண்டே வந்தாள். அந்தச் சொல்லை நினைத்து நான் பிறகு எத்தனையோ தரம் சிரித்திருக்கிறேன், நல்ல சிரிப்பல்ல. போகிற காரணம் என்ன என்று கேட்ட இடத்தில் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்த்திக்கடன் என்று எழுதினோம். அது பொய்யுமில்லை. அம்மாவுக்கு உண்மையிலேயே ஒரு நேர்த்தி இருந்தது.

நீங்களும் வாருங்கோவன் அப்பா என்று விமான நிலையத்தில் நீ கேட்டாய். பட்டறையைப் பூட்டிவிட்டு வந்தால் திரும்பி வரும்போது ஒரு குறடுகூட மிஞ்சாது, ஆறு மாதம்தானே என்று சொன்னேன். அது பாதி உண்மை. மற்றப் பாதியை இப்போது சொல்கிறேன். வேலை செய்ய விடாத ஓர் ஊரில், ஒரு வாடகை வீட்டுக்குள், நாள் முழுக்கச் சும்மா இருக்கிற ஆம்பிளையாக உன் கண்ணுக்கு முன்னால் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. இங்கே எனக்கு ஒரு பெயர் இருந்தது. எந்த மிசினையும் சத்தத்தை வைத்தே என்ன நோய் என்று சொல்லிவிடுவேன் என்பார்கள். அந்தப் பெயரை விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

வேளாங்கண்ணி நேர்த்தியை வைத்து ஆறு மாதம் இருக்கலாம். ஒரு வருடம் நேர்த்தி செய்கிறேன் என்றால் மாதாவே சிரிப்பாள். அடுத்த தரம் விசா நீட்ட வேண்டி வந்தபோது நான் திருச்சிக்கு வந்திருந்தேன், உனக்கு நினைவிருக்கும், ஒரு மாதம் நின்றேன். நான் உங்களோடு இருந்தது அந்த ஒரு மாதம்தான். அப்போது அம்மாவோடு விசா நீட்டுகிற கந்தோருக்குப் போனேன். உள்ளே இருந்த அதிகாரி நல்ல மனுசன். ஏன் இன்னும் இருக்க வேண்டும் என்று கேட்டார். முதல்நாளே பேசிவைத்தபடி அம்மா, "எனக்கு வருத்தம் சேர்" என்றாள்.

"வருத்தமா? என்னம்மா வருத்தம்? யாராவது ஏதாவது சொல்லிட்டாங்களா?" என்று அவர் பதறிப்போனார்.

நாங்கள் நோய்க்கு வருத்தம் என்று சொல்லுவோம் என்பது அவருக்குத் தெரியாது. மனக்கவலைக்குத்தான் அவர்களிடத்தில் அந்தச் சொல் என்பது எங்களுக்குத் தெரியாது. அம்மா திரும்பத் திரும்ப வருத்தம் வருத்தம் என்று சொல்ல, அவர் வருத்தப்படாதீங்க வருத்தப்படாதீங்க என்று சொல்ல, கடைசியில் அம்மா வயிற்றில் கையை வைத்துக் காட்டினாள். "ஓ, உடம்பு சரியில்லையா!" என்று அவர் சிரித்தார். அதற்குப் பிறகு என்னைப் பார்த்து, ஊருக்குப் போனதும் நீங்க ஒரு கடிதம் எழுதுங்க, வைத்தியம் முடியிற வரைக்கும் அவங்க இங்கேயே இருக்கட்டும்னு, அவங்க உங்களுக்கு எழுதுற கடிதமும் ஒன்றிரண்டு இருந்தா கொண்டுவந்து காட்டச் சொல்லுங்க, ஃபைல்ல வச்சுக்கலாம் என்றார். உதவியாகத்தான் சொன்னார். அவரில் ஒரு பிழையும் இல்லை.

வயிற்றைத் தொடச் சொல்லிக் கொடுத்தவன் நான். அதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்தை எழுதுவதில் பிரயோசனம் இல்லை. "நெஞ்சு, தலை எண்டா குழாயை வைச்சுப் பாத்துக் கண்டுபிடிச்சிடுவாங்கள். வயித்துக்குத்து எண்டு சொல்லும். அதை ஆர் உள்ளுக்கை போய்ப் பாக்கிறது?" என்று சிரித்துக்கொண்டு சொன்னேன். சாதுரியமாக ஒன்று செய்துவிட்டேன் என்று எனக்குப் புளுகமும் பெருமையும்.

அன்று பின்னேரம் நீயும் தங்கச்சியும் வெளியே போயிருந்தீர்கள். அம்மா அரிசி பார்த்துக்கொண்டிருந்தவள் சுளகைக் கீழே வைத்துவிட்டு, "இஞ்சேருங்கோ, எனக்கு மனசுக்கை ஒரு அந்தரம்" என்றாள். நாங்கள் கடிதம் எழுதினால் தாளின் தலைப்பில் ஒரு சிறிய சிலுவை போட்டுவிட்டுத்தான் எழுதுவோம். அவள் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் பழகின நாளிலிருந்து அப்படித்தான். "சிலுவையைப் போட்டுட்டு அதுக்குக் கீழை பொய்யெழுத என்னால ஏலாது."

"அப்ப போடாமல் எழுதும்."

"போடாமல் எழுதினா அது பாவமில்லையோ?"

"அரைப் பாவம்" என்றேன். அவளும் சிரித்துவிட்டாள்.

அப்படித்தான் அந்த ஒழுங்கு வந்தது. கந்தோரில் காட்டுகிற கடிதத்தில் சிலுவை இராது. எங்களுக்குள் எழுதுகிற கடிதத்தில் சிலுவை இருக்கும். சிலுவை இருந்தால் உண்மை, இல்லாவிட்டால் விசாவுக்கு. உனக்கு இது தெரியாது. அம்மா பொய்க்குத்தான் நோய் சொல்லுகிறாள் என்று உனக்குத் தெரியும், அந்தக் கடிதங்களைத் தபாலில் போட்டவனே நீதான். ஆனால் சிலுவைக் கணக்கை நாங்கள் இரண்டு பேரும் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. சொல்லக் கூச்சமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஐந்து வருடம் ஆறாறு மாதமாகப் போனது. நான் இங்கிருந்து, 'உமது வயிற்று நோ இன்னும் மாறவில்லை என்று அறிந்து மிகவும் கவலையடைகிறேன், வைத்தியர் சொன்னபடி இன்னும் ஆறு மாதம் தங்கியிருந்து குணப்படுத்திக்கொண்டு வரவும்' என்று எழுதுவேன். அவள் அங்கிருந்து, நோ எப்படி வருகிறது, எந்தப் பக்கம் தொடங்கி எந்தப் பக்கம் போகிறது என்று எழுதுவாள். வரவர இரண்டு பேருக்கும் கை படிந்துவிட்டது. சிலுவை போட்ட கடிதத்தில், 'போன முறை நீங்கள் எழுதினதை வாசிச்சு எனக்கே என்னிலை இரக்கம் வந்திட்டுது' என்று பகிடி எழுதுவாள். கலியாணம் கட்டி இரண்டு பிள்ளை பெற்ற பிறகு, உன் அம்மாவுக்கு இவ்வளவு வடிவாக எழுத வரும் என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தேன். அந்தக் கடிதங்களுக்காக நான் காத்திருந்தேன் தம்பி. பொய்க் கடிதங்களுக்கும் சேர்த்துத்தான் காத்திருந்தேன்.

நீங்கள் அங்கே பட்டதை நான் விளங்கிக்கொள்ளவில்லை. ஆறு மாதத்தில் போகப்போகிறோம் என்று அம்மா இரண்டாவது சோற்றுப்பானை வாங்கவே இல்லையாம். தங்கச்சி பள்ளிக்கூடத்தில் பெயர் பதியாமல் பின்வரிசை வாங்கில் இருந்து கேட்டுக்கொண்டு போனாள். நீ பன்னிரண்டாம் வகுப்பு நல்லாய்ப் பாஸ் பண்ணியும் உல்லாசப் பயணிக்குக் கல்லூரியில் இடமில்லை என்றார்கள். அகதி என்று பதிந்திருந்தால் ஏதாவது வழி இருந்திருக்கும் என்று நீ எனக்கு எழுதினாய். 'பொறு, இன்னும் ஆறு மாதம்' என்று பதில் போட்டேன். நீ சைக்கிள் கடையில் பின்பக்கமாக நின்று, யாராவது வந்தால் ஒளித்து, வேலை செய்ததைப் பெரியம்மா சொல்லித்தான் அறிந்தேன். இங்கே நானும் அதே மாதிரித்தான் இருந்தேன். பின் விறாந்தைக் கூரை பிரிந்து கிடந்தது, நீங்கள் வந்த பிறகு பார்ப்போம் என்று விட்டேன். மழைக்கு உள்ளே ஒதுங்கிக்கொண்டேன். உனக்கு ஏதாவது சொல்லத் தகுதி மிச்சமிருந்தால் இதை மட்டும் சொல்கிறேன்: தங்கச்சியையும் மாப்பிள்ளையையும் 'கொஞ்ச நாளைக்கு' என்று ஒரு வீட்டுக்குள் இருக்க விடாதே. வாடகை வீடென்றாலும் பானை சட்டி முழுதாய் வாங்கி வைக்கச் சொல்லு. நாளைக்கே எழும்ப வேண்டி வந்தாலும் பரவாயில்லை.

அம்மா இரண்டு முறை திரும்பி வரப்பார்த்தாள். எண்பத்தேழில் சமாதானம் என்று சனம் வெடி கொளுத்தியபோது, சிலுவை போட்டு, 'வாறம்' என்று எழுதினாள். நான் இன்னும் ஆறு மாதம் பொறும் என்றேன். மூன்று மாதத்தில் ஊரில் சண்டை தொடங்கியது, ஒழுங்கையில் பிரேதம் எடுக்க ஆளில்லாமல் கிடந்தது. எண்பத்தொன்பது கடைசியில் திரும்பவும் கேட்டாள். பொறும் என்றேன். தொண்ணூறில் திரும்பவும் சண்டை. இரண்டு தரமும் நான் சொன்னது சரியாகப் போய்விட்டது. அதில் எனக்கு ஒரு திமிர் வந்துவிட்டது. மிசினைப் போல இந்த நாட்டையும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன்.

தொண்ணூறில் சண்டை தொடங்கிய பிறகு கடிதம் வருவதே அரிதாகிவிட்டது. தொண்ணூற்றொன்று தபசுகாலத்து நோன்பு நாட்களில் ஒன்று வந்தது. யாழ்ப்பாணத்துக்குச் சாமான் கொண்டுவந்த ஒருவர் பட்டறையில் தந்துவிட்டுப் போனார். உறையைக் கிழித்ததும், எப்போதும் போல, முதலில் தலைப்பைப் பார்த்தேன். சிலுவை இல்லை. திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். இல்லை. உறைக்குள் வேறு தாள் இருக்கிறதா என்று ஊதியும் பார்த்தேன். விசா நீட்டுகிற காலம் வேறு. கந்தோரில் காட்டுகிற கடிதத்தின் பிரதியைத்தான் அனுப்பியிருக்கிறாள், நானும் அதற்கு ஒத்ததுபோல எழுத வேண்டும் என்பதற்காக, என்று எடுத்துக்கொண்டேன்.

அதில் எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம். 'சாப்பிட்டால் வயித்திலை நிக்குதில்லை. எல்லாம் சத்தியா வெளியில வருகுது. உடம்பு பாதியாப் போச்சு. டொக்டர் பெரிய ஆசுப்பத்திரியில படுக்கச் சொல்லிப்போட்டார். பிள்ளையளுக்கு நான் வடிவாச் சொல்லேல்லை. நீங்கள் ஒருக்கா வந்து எங்களைப் பாத்திட்டுப் போங்கோ.' இவ்வளவுதான். வழக்கமாக இரண்டு பக்கம் எழுதுகிறவள் அரைப் பக்கம்தான் எழுதியிருந்தாள். கை நடுங்கியிருந்தது. அந்த நடுக்கத்தையும் பார்த்தேன், வேண்டுமென்று நடுங்க எழுதியிருக்கிறாள், கெட்டிக்காரி என்று நினைத்தேன். பட்டறையில் மிசினுக்குக் காத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு அதை வாசித்தும் காட்டினேன். "கேட்டீரே, என்ரை மனுசியின்ரை எழுத்தை" என்று சொன்னேன். அவருக்கு எங்கள் கதை தெரியும். அவரும் சிரித்தார். அதை உனக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லிவிட்டேன்.

அன்றைக்கே பதில் எழுதினேன். கொழும்புக்குப் போகிற ஒருவர் கையில் கொடுத்துவிடலாம் என்பதால், சிலுவை போட்டு, மனம்விட்டு எழுதினேன். அதில் என்ன எழுதினேன் என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் என் கையாலேயே திரும்ப எழுதுகிறேன், அதுதான் முறை. 'இந்த முறை நீர் எழுதினது முதல்தரம். கல்லும் கரையும். அந்தக் கந்தோர்ச் சேர் ஆறு மாதமில்லை, ஒரு வருசமே தருவார். வந்து பாருங்கோ எண்டு முடிச்சீர் பாரும், அதுதான் கெட்டித்தனம். இப்பிடியே கொண்டுபோம்.' அதற்குக் கீழே பின் விறாந்தைக் கூரையைப் பற்றி இரண்டு வரி.

பாஸ்காத் திருநாள் முடிந்து சில கிழமைக்குப் பிறகு எங்கள் பங்குச் சுவாமி பட்டறைக்கு வந்தார். அவர் பட்டறைக்கு வருவதில்லை. கையில் ஒரு கடிதம். திருச்சிப் பங்குச் சுவாமி எழுதினது என்றார். உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. சொன்னார். அம்மாவைப் புதைத்து நாற்பது நாள் ஆகிவிட்டது என்றார். அப்போது நான் கேட்டதை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. "சுவாமி, உந்தக் கடிதத்திலை சிலுவை கிடக்கே?" என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. எனக்குப் பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார். தாளை விரித்துக் காட்டினார். தலைப்பில் அச்சடித்த சிலுவை இருந்தது.

நான் ஏன் வரவில்லை என்று உனக்குள் ஒரு கேள்வி இருக்கும். கடிதத்தை நம்பியிருந்தாலும் வந்து சேர்ந்திருப்பேனோ தெரியாது. குடாநாட்டை விட்டு வெளிக்கிடப் பாஸ் வேண்டும், பாஸுக்குப் பிணை நிற்க ஆள் வேண்டும், கொழும்பில் விசா வேண்டும். ஆனால் நான் ஒரு அடிகூட எடுத்துவைக்கவில்லை, அதுதான் விசயம். அவள் ஆசுப்பத்திரிக் கட்டிலில் கிடந்த நாட்களில் நான் இங்கே மிசின்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு, என் பெண்சாதியின் எழுத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். கடைசிக் காலத்தில் நீதான் அவளைத் தூக்கிக் குளிக்க வார்த்தாய், நீதான் சேமக்காலையில் மண் போட்டாய். பிறகு நீ போய் உன்னையும் தங்கச்சியையும் அகதி என்று பதிந்துகொண்டாய். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், அவ்வளவு மடையன் நான்.

இதற்கு மேல் சொல்வதுதான் நீ அறியாதது. தொண்ணூற்றுமூன்றில் பெரியம்மா ஊருக்குத் திரும்பி வந்தாள். வந்த மூன்றாம் நாள் என்னைப் பார்க்க வந்து, முன் விறாந்தைக் கதிரையில் இருந்து அழுதாள். நான் சிலுவைக் கதையை அவளுக்குச் சொன்னேன். ஏன் போடாமல் விட்டாள், மறந்துபோனாளா, கை ஏலவில்லையா என்று கேட்டேன். இரண்டு வருடமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். முகாமிலிருந்து அம்மாவைப் பார்க்க வந்து, அந்தக் கடிதத்தை எழுதும்போது பக்கத்தில் இருந்தவள் அவள்தான். பேனையைத் தலைப்பில் வைத்துவிட்டு எடுத்துவிட்டாளாம். ஏன் என்று கேட்டதற்குச் சொன்னாளாம்:

"அக்கா, அஞ்சு வருசம் பொய்க்கு வயித்துக்குத்தெண்டு எழுதினன். மாதா கேட்டுக்கொண்டுதானே இருந்திருக்கிறா. கேட்டதைத் தந்திட்டா. இனிச் சிலுவை போட எனக்கு என்ன முகம் கிடக்கு?"

சிலுவை இல்லாமல் எழுதினால் நான் அதை எப்படி வாசிப்பேன் என்று அவள் அந்த நேரம் நினைக்கவே இல்லை. எழுத்து விசாவுக்கா வீட்டுக்கா என்பதெல்லாம் அவளுக்கு மறந்துபோயிருந்தது. தான் பாவி என்பது மட்டும்தான் நினைவிருந்தது. அரைப் பாவம் என்று பகிடி விட்டவன் நான், முழுப் பாவம் என்று அதைச் சுமந்துகொண்டு போனவள் அவள். மாதா அப்படிப்பட்டவள் அல்ல என்று பக்கத்தில் இருந்து சொல்ல ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும். அந்த ஆள் நான்தான். ஒவ்வொரு நாளும் கோயிலுக்குப் போகிறேன், பூசை பார்க்கிறேன், ஆனால் இதைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய இன்னும் வாய் வரவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்லுகிறேன்.

உனக்கும் நாளைக்கு ஒரு பெண்சாதி வருவாள். அவள் ஏதாவது நோகுதென்று சொன்னால் எழும்பிப் போ. பொய்யென்று உனக்கு உறுதியாகத் தெரிந்தாலும் எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வா. பொய்யாக இருந்தால் இரண்டு பேரும் இருந்து சிரிக்கலாம். தங்கச்சி கலியாணத்துக்கு நான் வர ஏலாது. அது தப்புவதற்குச் சொல்கிற சாட்டு இல்லை, பாதையைப் பற்றி உனக்கே தெரியும். கோயிலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நீ நட. எனக்குப் பதிலாக என்று நினைக்காதே, அந்த இடம் இப்போது உன்னுடையதுதான். அழைப்பிதழில் என் பெயரைப் போடுவதும் விடுவதும் உன் விருப்பம். அம்மாவின் பெயரைப் பெரிதாகப் போடு.

இனி ஒன்று கேட்க வேண்டும். கேட்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன் போலிருக்கிறது. அம்மா போய் மூன்று மாதத்துக்குப் பிறகு எனக்கு உன்னிடமிருந்து ஒரு பெரிய உறை வந்தது. உள்ளே நான் கடைசியாக எழுதிய கடிதம், அதன் உறையோடு. நீ ஒரு சொல்லும் எழுதவில்லை. அந்த உறை திறந்திருந்தது. தாள் நாலாக மடித்திருந்தது. நான் இரண்டாகத்தான் மடிப்பேன்.

நான் அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்ட நாளும் தெரியும், அம்மா கண்ணை மூடின நாளும் தெரியும். நடுவில் பதினெட்டு நாள். வழியில் கெதியாகப் போயிருந்தால் அதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும். சுணங்கியிருந்தால் சேர்ந்திராது. பெரியம்மாவிடம் கேட்டேன். "அதை விடுங்கோ, இப்ப அதைக் கேட்டு என்ன" என்று எழும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளிடம் கேட்கவில்லை. இப்போதுதான் விளங்குகிறது, கேட்க வேண்டிய ஆள் நீ.

அந்த உறையை முதலில் திறந்தது யார்? விளக்கம் எழுதாதே, சமாதானமும் எழுதாதே. தங்கச்சியின் கலியாண அலுவலுக்குள் உனக்கு நேரமும் இராது. ஒரு சொல் எழுதினால் போதும். 'அம்மா' என்று எழுது, இல்லாவிட்டால் 'நான்' என்று எழுது. அப்பனுக்கு இரக்கப்பட்டு 'நான்' என்று நீ எழுதிவிடவும் கூடும் என்பது எனக்குத் தெரியும். பொய்யெழுதப் பழக்கின வீட்டில்தானே வளர்ந்தாய். இருந்தாலும் எழுது. நீ எதை எழுதினாலும் நான் நம்புவேன்.

அப்பா